நான்காம் பொத்தான்

நாகலூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில்
ரத்த அணு எண்ணும் பெட்டிக்கு ஐந்து பொத்தான்.
முதல் இரண்டும் தேய்ந்து எழுத்தே போயிற்று.
நான்காவது மட்டும் வாங்கின நாள் மாதிரி.
நூறு எண்ணினால்
இரண்டோ மூன்றோ தடவைதான் அதற்கு வேலை.

அனுசியாவின் ரத்தத்தில் அது
டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது.

எட்டு வயசு. மூன்று வாரமாய் வறட்டு இருமல்.
மாராயி இருபது கொண்டை ஊசி இறங்கி
சேலத்தில் எக்ஸ்ரே எடுத்துவந்தாள்:
வலது நுரையீரலில் ஒரு மேகம்.
டிபியோ என்று பயந்து
பத்து நாளில் மறுபடி இறங்கினாள்:
வலப்பக்கம் தெளிந்துவிட்டது,
மேகம் இடப்பக்கம்.
"மெசினு சரியில்லீங்களாட்ட" என்றாள்,
பஸ்ஸுக்குக் கொடுத்த காசை நினைத்து.

மெஷின் சரிதான் மாராயி.
மேகம்தான் நடக்கிறது.

மிளகுக்கொடிக்குக் கீழே ஈர மண்ணில் கிடந்த முட்டை
நகக்கண்ணில் ஏறி வாய்க்குப் போயிருக்கிறது.
குடலில் பொரிந்து, சுவரைத் துளைத்து,
கல்லீரல் தாண்டி, இதயம் தாண்டி
மூச்சின் சந்துகளுக்கு வந்தது குஞ்சுப்புழு.
இந்த ஊர்சுற்றல் எதற்கென்று
பதினோரு வருஷமாய் எனக்கு விளங்கவில்லை.
இருமலில் ஏறி, எச்சிலோடு இறங்கி
புறப்பட்ட குடலுக்கே தானே திரும்பப் போகிறது!

உடம்பு சும்மா இருக்கவில்லை.
துளைபட்ட சுவர் கூவியது.
எலும்பு மஜ்ஜையிலிருந்து கிளம்பி வந்தன இவை:
மூக்குக்கண்ணாடி போல இரட்டைக் கரு,
உடல் முழுக்கச் செம்மஞ்சள் குருணை,
லென்ஸுக்கு அடியில் அப்படியே ரவா கேசரி.
சாதாரணக் கிருமி என்றால்
யாராவது வாயைத் திறந்து விழுங்கிவிடலாம்.
இது
சேலம் ஜங்ஷனில் நிற்கிற கூட்ஸ் வண்டியை
எறும்பு மறிக்கிற கதை.
அப்பிக்கொள்ளத்தான் முடியும்.
சுமந்துவந்த நஞ்சையெல்லாம் அதன் தோல்மேல் கொட்டும்.
கொட்டுகிற அவசரத்தில்
அனுசியாவின் மேலும் சிந்தும்.
அந்த இருமலில் எவ்வளவு புழுவுடையது,
எவ்வளவு அவளுடையது என்று
பிரித்துச் சொல்ல இங்கே டெஸ்ட் இல்லை.

மலத்தில் ஒன்றுமில்லை என்று எழுதினேன்.
முட்டையிடும் வயசு வரவில்லை அதற்கு.
நான்காம் பொத்தான்: முப்பத்தொன்று.
டாக்டர் அதைச் சுற்றி
இரண்டு வட்டம் போட்டார்.

பிறகு குடலில் வேறு சண்டை.
கோழையைப் பாய்ச்சித் தரையை வழுக்கலாக்கி
தசையை முறுக்கித் தள்ளியது வயிறு.
நிறையப் போயிருக்கும்.
எதிர்நீச்சல் போட்டு நின்றவை
காவலுக்கு வந்தவர்களின் காதில் ஏதோ ஓதின.
அவர்களும் ஆயுதத்தைத் தாழ்த்தி
உட்கார்ந்துவிட்டார்கள்.
இருமல் நின்றது.
மாராயி சேர்வராயன் கோயிலில் தேங்காய் உடைத்தாள்.

மூன்றாம் மாதம் முட்டைகள் தெரிந்தன,
பொன்பழுப்பாய், மேலெல்லாம் சீத்தாப்பழத் தோல்.
அழகு என்று சொல்லக் கூடாது.
அழகுதான்.

ஒரே ஒரு மாத்திரை, மென்று தின்ன.
இரண்டு நாள் கழித்து
பள்ளிக்கூடம் போகிற வழியில்
ஜன்னலில் எட்டி "ஏழுக்கா!" என்றாள்,
ரேங்க் கார்டு காட்டுகிற முகத்தோடு.
கக்கூசுக்குத் தோண்டியது
மூன்று வருஷமாய் வெறும் குழி.
மிளகுக்கொடியும் அங்கேயேதான்.
திரும்ப வருவாள். பொத்தான் இருக்கிறது.

இது காப்பி பூக்கும் வாரம்.
மலையே மணக்கிறது என்று படம் எடுக்கிறார்கள்.
அஸ்தம்பட்டியில் டைல்ஸ் பதித்த வீட்டில்
வருஷம் தவறாமல் பூச்சி மாத்திரை தின்று வளர்ந்த நான்
காலையிலிருந்து நாற்பது தும்மல்.
சாயங்காலம் எல்லாரும் போன பிறகு
என் விரலையே குத்தி ஸ்லைடு போட்டேன்.

பன்னிரண்டு.
அதே கண்ணாடி, அதே கேசரி,
ஒரு புழுகூட இல்லாத ஊருக்கு
மூட்டையோடு வந்து இறங்கியிருக்கிறார்கள்.

யாரைப் பார்க்க வந்தீங்க?

லென்ஸைத் துடைக்கக் குனிந்தேன்.
நாற்பத்தொன்று.